காற்றைக் கட்டிவைத்த துணி

1946-இல் சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில், ஒரு சின்னக் கொட்டகையில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை பலூன் செய்யத் தொடங்கினார். குழந்தைகள் ஊதி விளையாடுகிற சாதாரண பலூன். 1952-இல் தேய்ந்த டயர்களின் மேல் ஒட்டும் டிரெட் ரப்பரில் இறங்கினார். 1961-இல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தோடு கைகோத்து முழு டயரையே செய்துவிட்டார். எம்.ஆர்.எஃப். வளர்ந்த கதை இது. பலூனில் ஆரம்பித்து டயரில் வந்து நின்ற இந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும். டயர் என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. வண்டியின் பாரத்தைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்று. அது கசிந்து போகாமல் ரப்பர் காக்கிறது. அது உப்பி வெடிக்காமல், ரப்பருக்குள் பொதிந்திருக்கும் துணி இழுத்துப் பிடித்துக்கொள்கிறது.

எங்கள் அவிநாசிப் பக்கம் வேன் வாங்கி, உள்ளே படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்துக் கேரவனாக மாற்றிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். குடும்பத்தோடு கிளம்பினால் தேசிய நெடுஞ்சாலை 544 வாசலிலேயே இருக்கிறது. வாளையாறு தாண்டி, பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே இறங்கி, கோழிக்கோடு, மாஹி, தலசேரி என்று போனால் கண்ணூருக்குக் கொஞ்சம் முன்னால் முழப்பிலங்காடு. ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்துக்கு வண்டியோடு மணலிலேயே ஓட்டிப் போக அனுமதியுள்ள கடற்கரை அது. வீட்டையே அலை ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தலாம் என்ற ஆசைக்கு அங்கே இடம் உண்டு. போவதற்கு முன்னால் வண்டிக்காரர்கள் டயர் கடைக்கு வருகிறார்கள். எந்த வீல் போடலாம், எந்த டயர் மணலுக்கு ஆகும் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கான பதில் டயர் வந்த வழியிலேயே இருக்கிறது.

ரப்பர் மரம் நம் ஊர் மரமல்ல. 1876-இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலின் அமேசான் காடுகளிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்கு அனுப்பினார். மிகச் சிறு பங்குதான் முளைத்தது. அதில் சுமார் 1,900 நாற்றுகள் அதே ஆண்டு இலங்கைக்குக் கப்பலேறின. கம்பகாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொட தோட்டத்தில் அவை வேர் பிடித்தன. இந்தியாவில் வணிகத்துக்கென்று ரப்பர் பயிரானது 1902-இல், பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில். தமிழ்நாட்டு ரப்பர் என்றால் கன்னியாகுமரி மாவட்டம்தான். குலசேகரம் பக்கம் விடியும் முன்பே பால் வெட்டுகிறவர்கள் தோட்டத்துக்குள் போய்விடுவார்கள். வெயில் ஏறினால் பால் சுரப்பது குறையும். சிரட்டையில் வடிந்த பாலை அமிலம் சேர்த்து உறைய வைத்து, உருளையில் அழுத்தித் தகடாக்கி, புகையில் காய வைப்பார்கள். தேன் நிறத்தில் கொடியில் தொங்கும் அந்தத் தகடுகள்தான் டயர் தொழிற்சாலைக்குப் போகின்றன. கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் உறுதிப்படும் என்பதைச் சார்லஸ் குட்இயர் 1839-லேயே கண்டுபிடித்துவிட்டார். டயருக்குக் கறுப்பு நிறமும் தேய்மானத்தைத் தாங்கும் வலுவும் தருவது பின்னால் சேர்ந்த கரித்தூள்.

ரப்பரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். துணியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தறிச் சத்தத்தில் வளர்ந்த நம் ஊர்க்காரர்களாவது பேச வேண்டும். ஆரம்பகால டயர்களுக்குள் இருந்தது பருத்தி கான்வாஸ். பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய சாதாரண நெசவு. வண்டி ஓடும்போது டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. அப்போது பாவும் ஊடையும் ஒன்றையொன்று உரசி, சூடேறி, இழை இழையாக அறுந்தன. ஊடையைக் கிட்டத்தட்ட எடுத்துவிட்டு, பாவு நூலை மட்டும் முறுக்கி இணையாக அடுக்கி, இடையில் ரப்பரை நிரப்பியபோதுதான் டயரின் ஆயுள் பல மடங்கானது. அதற்குக் கார்டு துணி என்று பெயர். பருத்தி போய் ரேயான் வந்தது. ரேயான் போய் நைலான் வந்தது. 1970-களில் சென்னை மணலியிலேயே எஸ்.ஆர்.எஃப். நைலான் கார்டு துணி செய்ய ஆரம்பித்தது. லாரிக்காரர்கள் இன்றைக்கும் ‘நைலான் டயர்’ என்று சொல்வது இந்தத் துணியை வைத்துத்தான். டயரின் பக்கச்சுவரான விலாவில் 8 பிளை, 12 பிளை என்று எழுதியிருப்பதும் துணிக் கணக்குதான். ஒரு காலத்தில் அது உள்ளே இருந்த பருத்தித் துணி அடுக்குகளின் எண்ணிக்கை. இப்போது நூல் வலுத்துவிட்டதால் அடுக்கு குறைந்துவிட்டது, எண் மட்டும் வலிமையின் அளவாக நிலைத்துவிட்டது.

நைலான் டயரில் நூல்கள் சாய்வாக ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே போகும். விலா கனமாகவும் விறைப்பாகவும் இருக்கும். 1946-இல் பிரான்சின் மிஷ்லின் நிறுவனம் காப்புரிமை பெற்ற ரேடியலில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும். மேலே, தரையைத் தொடும் இடத்துக்குக் கீழே மட்டும் எஃகுக் கம்பிப் பட்டை. அதனால் ரேடியலின் விலா இளகி வளையும், தரையைத் தொடும் பகுதியோ தட்டையாகவே இருக்கும். மணலுக்கு வரும்போது இந்த வேறுபாடு பெரிதாகிவிடும்.

காற்று டயருக்குள் நுழைந்தது இரண்டு முறை. ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-லேயே காப்புரிமை பெற்றார். அன்று அதைப் போட்டு ஓட்ட மோட்டார் வண்டியே இல்லை, உலகம் மறந்துவிட்டது. 1888-இல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்கு ரப்பர் குழாயில் காற்றடைத்துக் கட்டிப் பார்த்தார். அங்கிருந்து அது நிற்கவேயில்லை. ஆனாலும் ஆரம்பகால மோட்டார் டயர்கள் ஒல்லியானவை, கல்லாகக் காற்றடைத்தவை. 1923-இல் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அகலமான, குறைந்த காற்றில் ஓடும் டயரைக் கொண்டுவந்தபோது அதற்கு வைத்த பெயரும் பலூன் டயர்தான். அதிக இடத்தில் குறைந்த காற்று: மணலில் ஓடும் எல்லா வண்டிகளுக்கும் அடிப்படை அங்கே விழுந்துவிட்டது.

கொங்கு நாட்டுக்கு இந்தப் பாடம் மாட்டு வண்டி வழியாகவும் வந்து சேர்ந்தது. பழைய கட்டை வண்டியின் சக்கரம் ஆசாரியின் வேலை. நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி வட்டை. வட்டைக்கு மேலே இரும்புப் பட்டா. பட்டாவைத் தரையில் கிடத்தி, சுற்றிலும் வறட்டி அடுக்கித் தீ மூட்டுவார்கள். இரும்பு சிவந்து விரிந்ததும் நாலு பேர் இடுக்கியால் தூக்கி வட்டையின்மேல் அமர்த்துவார்கள். மரம் புகைந்து பற்றும் முன்னே தண்ணீர் ஊற்ற வேண்டும். இரும்பு சுருங்கி, ஆரக்கால் ஒவ்வொன்றும் நெறுநெறுவென்று குடத்துக்குள் இறுகுகிற சத்தம் கேட்கும். அப்படி ஏறிய பட்டா வருஷக்கணக்கில் கழலாது. கல் பாவிய தடத்துக்கு இதைவிடச் சிறந்த சக்கரம் கிடையாது. அவிநாசியப்பர் தேருக்கும் இதே நியாயம்தான். சித்திரையில் ஓடும் அந்தப் பெருந்தேருக்கு இரும்புச் சக்கரம், கெட்டியான வீதி. பாரம் எவ்வளவு இருந்தாலும் தரை கெட்டியாக இருந்தால் கெட்டிச் சக்கரமே சுலபமாக உருளும்.

தரை இளகினால் எல்லாம் தலைகீழ். நொய்யலிலோ காவிரியிலோ ஆற்று மணலுக்குள் கட்டை வண்டி இறங்கினால், ஒடுங்கிய பட்டா மணலைக் கத்தி வைத்துக் கீறியபடி இறங்கும். காங்கேயம் காளைகளாக இருந்தாலும் நுகம் கழுத்தை அழுத்தும், கால் மடங்கும். பழைய லாரி, ஜீப்பு அச்சையும் டயரையும் வாங்கி மாட்டிய டயர் வண்டி வந்த பிறகு, அதே மாடு அதே மணலில் கூடுதல் பாரத்தை இழுத்தது. உயரத்தில் மரச் சக்கரம்தான் பெரியது. மணலில் வென்றது அகலமும் மெத்தென்ற தன்மையும். லாரியின் வேகத்துக்கு லாயக்கில்லை என்று கழித்த டயர், மாட்டின் நடைக்கு இன்னும் பல வருஷம் ஓடியது. டயரைக் கொல்வது பாரத்தைவிட வேகத்தில் ஏறும் சூடு. நடை வேகத்தில் அந்தச் சூடு ஏறவே ஏறாது. டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகளுக்கும் இது கைவந்த விஷயம். உழவுக்கு முன்னால் பின்சக்கர டயருக்குள் தண்ணீர் அடித்து எடை ஏற்றுவார்கள். தோட்டத்துக்கு ஒரு காற்று, தார் ரோட்டுக்கு ஒரு காற்று என்று மாற்றுவார்கள்.

மணலில் மோட்டார் ஓட்டும் கலையை எழுத்தில் வடித்தவர் ரால்ஃப் பாக்னோல்டு, பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர். 1920-களின் கடைசியிலும் 1930-களின் தொடக்கத்திலும், விடுமுறை கிடைத்தபோதெல்லாம் நண்பர்களோடு ஃபோர்டு கார்களை எடுத்துக்கொண்டு லிபியப் பாலைவனத்துக்குள் போனார். டயரில் காற்றைக் குறைத்தால் மணல் தாங்கும் என்பதை அங்கே ஓட்டி ஓட்டித் தெரிந்துகொண்டார். புதைந்த சக்கரத்துக்கு அடியில் போட இரும்புத் தகடு தேவைப்பட்டது. முதல் உலகப் போரில் பதுங்குகுழிக் கூரைக்கென்று செய்த தகடுகள் கெய்ரோவின் பழைய இரும்புக் கடையில் கிடைத்தன. இன்றைக்கு மணலில் போகும் வண்டிகளின் பின்னால் கட்டியிருக்கும் ஓட்டை ஓட்டையான பலகைகளுக்கு மூதாதை அதுதான். 1940-இல் எகிப்தில் அவர் தொடங்கிய நீண்ட தூரப் பாலைவனப் படை, செவ்ரோலெட் லாரிகளில் பெரும் மணற்கடலைக் கடந்தது. 1941-இல் அதே பாணியில் ஓர் இந்தியப் படைப் பிரிவும் சேர்ந்தது. அந்தச் செவ்ரோலெட் லாரிகளில் பின்சக்கரம் மட்டுமே இழுக்கும். நாலு சக்கரமும் இழுக்கும் வசதி கிடையாது. அகலமான டயரும் குறைந்த காற்றும் ஓட்டுபவரின் நிதானமும் அவற்றைக் கரை சேர்த்தன. நம் ஊர்க் கேரவன்களும் பெரும்பாலும் பின்சக்கர இழுவை வேன்கள்தான். ‘ஃபோர் வீல் இல்லாமல் மணலா?’ என்று தயங்குகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம். 1942-இல் அமெரிக்க ராணுவம் கொண்டுவந்த டக் என்ற, நீரிலும் நிலத்திலும் ஓடும் லாரி இன்னும் ஒரு படி மேலே போனது. கடலிலிருந்து மணலில் ஏறும்போதே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடி டயர் காற்றைக் குறைத்துக்கொள்ளவும், ரோட்டுக்கு வந்ததும் ஏற்றிக்கொள்ளவும் அதில் வழி இருந்தது.

இனி டயர் கடைக்கு வரலாம். நெடுஞ்சாலை ஓரத்துக் கடை ஒன்றில் நான் நின்றிருந்தபோது கேட்ட பேச்சு இது. வெள்ளை வேன் ஒன்றைக் கேரவனாக்கிய இளைஞர் கேட்டார்: “ஏனுங்ணா, 18 இஞ்ச் அலாய் போட்டா மணல்ல நல்லாப் போகுமுங்களா?”

கடைக்காரர் ரிம்மிலிருந்து டயரைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “அழகுக்குன்னாப் போட்டுக்குங்க தம்பி. மணலுக்குன்னா வேண்டாமுங்க. ரிம்மு பெருசானா சைடு சிறுத்துப் போயிரும். காத்த எறக்குனா அது எங்கீங்க போயி உக்காரும்?”

“அப்பொ பெரிய பட்டன் வெச்ச டயருங்ணா?”

“அது சேத்துக்கு ஆகும். மணல்ல மம்பட்டியாட்டத் தோண்டிக்கிட்டு எறங்கீரும்.”

பட்டன் என்று அவர்கள் சொல்வது தரையைத் தொடும் பகுதியில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகளை. இதற்குமேல் ஒரு புத்தகம் தேவையில்லை. கணக்கை மட்டும் நான் போட்டுக் காட்டுகிறேன். வேன்களில் பரவலாகக் காணப்படும் 215/75 ஆர் 15 என்ற அளவை எடுத்துக்கொள்வோம். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்றால் விலாவின் உயரம் அந்த அகலத்தில் 75 விழுக்காடு, அதாவது சுமார் 161 மில்லிமீட்டர். 15 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். மொத்த உயரம் சுமார் 703 மில்லிமீட்டர். அதே மொத்த உயரத்தில் 18 அங்குல ரிம்மை நுழைத்தால் விலாவுக்கு மிஞ்சுவது சுமார் 123 மில்லிமீட்டர். நசுங்குவதற்கென்று இருந்த இடத்தில் கிட்டத்தட்ட கால் பங்கை இரும்போ அலுமினியமோ பிடுங்கிக்கொள்கிறது. மணலில் நமக்கு வேலை செய்வது அந்த விலாதான். காற்றை இறக்கியதும் அது பிதுங்கி உட்கார்ந்து, டயரின் அடிப்பாகம் நீளவாக்கில் விரிய வேண்டும்.

எவ்வளவு விரியும்? ஒரு பின்சக்கரம் 1,000 கிலோ சுமக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60 பவுண்டு காற்று என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 4.2 கிலோ அழுத்தம். 1,000-ஐ 4.2-ஆல் வகுத்தால் தரையைத் தொடும் பரப்பு சுமார் 240 சதுர சென்டிமீட்டர், ஏ4 தாளில் பாதிகூட இல்லை. காற்றைப் பாதியாக, 30 பவுண்டுக்கு இறக்கினால் அதே பாரத்துக்குச் சுமார் 475 சதுர சென்டிமீட்டர், ஏ4 தாளில் முக்கால் பங்கு. விலாவின் விறைப்பையும் சேர்த்தால் உண்மையான எண் சற்று மாறும், ஆனால் போக்கு இதுதான். இந்த விரிவு பெரும்பாலும் நீளத்தில் நடக்கிறது, அகலத்தில் கொஞ்சம்தான். புது டயர் வாங்கி அகலத்தில் 20 மில்லிமீட்டர் கூட்டிக்கொள்ளச் செலவழிக்கும் பணத்தைவிட, காசில்லாமல் இறக்கிவிடும் காற்று அதிக இடம் தருகிறது. மணலுக்கு டயர் தேடுகிறவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றே: கையில் ஒரு நல்ல பிரஷர் கேஜும் ஒரு காற்று மெஷினும் இல்லாமல் எந்த டயரும் உங்களுக்கு உதவாது.

காற்று மெஷினுக்கு நாம் வெளியூர் தேட வேண்டியதில்லை. 1937-இல் கோவையில் போக்குவரத்துத் தொழிலில் இறங்கிய எல்.ஜி. பாலகிருஷ்ணன் சகோதரர்களின் குடும்பத்திலிருந்து 1960-இல் எல்ஜி எக்யூப்மென்ட்ஸ் பிறந்தது. கம்ப்ரஸரும் ஒர்க்‌ஷாப் சாமான்களும் அதன் தொழில். பஸ் ஓட்டியவர்களுக்குத்தான் காற்றின் அருமை தெரிந்திருக்கிறது. கேரவனுக்குப் பாட்டரியில் ஓடும் சின்ன மெஷின் போதும். ஆனால் காருக்கென்று விற்கும் பொம்மை மெஷின் வேன் டயரை 60 பவுண்டுக்கு ஏற்றுவதற்குள் சூடேறி நின்றுவிடும். அதிக அழுத்தம் தாங்குவதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

வீல் விஷயத்தில் எஃகு டிஸ்க்கே என் தேர்வு. பாறையில் இடித்து நெளிந்தால் எந்த ஊர்ப் பட்டறையிலும் சுத்தியல் கொண்டு நிமிர்த்திவிடலாம். அலாய் விரிசல் விட்டால் முடிந்தது. அகலமான ரிம் போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளுவதும் வேண்டாம், பேரிங் மேல் பாரம் சாயும். தயாரிப்பாளர் குறித்த அளவுகளை விட்டு வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கும் விரோதம். அளவைவிட முக்கியம், டயர் மேல் எழுதியிருக்கும் பாரக் குறியீடு. கேரவன் எப்போதும் நிறை பாரத்தில் ஓடும் வண்டி. தண்ணீர்த் தொட்டி, காஸ், கட்டில், பாட்டரி எல்லாம் நாள் முழுக்க மேலேயே இருக்கும். சாமான் ஏற்றிய பிறகு எடை மேடையில் முன் அச்சு, பின் அச்சு என்று தனித்தனியாக நிறுத்துப் பார்த்துவிட்டு டயர் வாங்குவது நல்லது. பரப்பு அகலமாகவும் ஆழம் மிதமாகவும் உள்ள பட்டன் கொண்ட, வேனுக்கான ரேடியல், அதுவும் தயாரிப்பாளர் சொன்ன அளவிலேயே. மணல் அதைத்தான் கேட்கிறது.

பின்னால் ஜோடி டயர் உள்ள பெரிய வண்டிகளுக்கு ஒரு சங்கடம் உண்டு. தார் ரோட்டில் ஜோடி டயர் பெரும் பலம். மணலிலோ முன்சக்கரம் அமுக்கிப் போட்ட தடத்தில் பின்சக்கரம் போகாது. ஜோடியின் அகலம் வேறு, அது புது மணலை வெட்டிக்கொண்டு போக வேண்டும். காற்றை இறக்கினால் இரண்டு டயரின் விலாவும் பிதுங்கி ஒன்றோடொன்று உரசும். நடுவில் ஒரு கல் மாட்டினால் இரண்டும் கிழியும். அந்த வண்டிக்காரர்கள் காற்றை அதிகம் இறக்காமல், ஈரமான கெட்டி மணலை விட்டு நகராமல் இருப்பதே நல்லது.

முழப்பிலங்காட்டில் மணல் பொடி. சரிவு குறைவு. ஈரம் அதைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கிறது. கடலுக்குள் நிற்கும் கரும்பாறைகள் அலையின் வேகத்தைத் தடுக்கின்றன. அதனால் சாதாரண கார்களே அங்கே ஓடுகின்றன. சிக்கல் வருவது ஈர மணலில் அல்ல. ரோட்டிலிருந்து இறங்கும் இடத்துக்கும் அலை நனைக்கும் இடத்துக்கும் நடுவே காய்ந்த மணல் பட்டை ஒன்று இருக்கும். தினமும் வண்டிகள் மிதித்து மாவாக்கிய மணல். கேரவன் புதைவது பெரும்பாலும் அங்கே, அதுவும் திரும்பி வரும்போது. அங்கே இறங்கும் முன்பே வண்டியை நிறுத்தி வால்வு மூடியைக் கழற்ற வேண்டும். தீக்குச்சியின் முனையால் ஊசியை அழுத்தினால் சீறிக்கொண்டு காற்று போகும். முதலில் மூன்றில் ஒரு பங்கு. விலா மெல்லப் பிதுங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். டயர் மணலில் பதிக்கும் தடம் கட்டையாக இருந்தது நீண்டுகொண்டே போகும். போதவில்லை என்றால் பாதி வரை. அதற்குக் கீழே போனால் டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளக்கூடும், ஒடித்துத் திருப்பும்போது இன்னும் சீக்கிரம். நடக்கிற வேகத்தைக் கொஞ்சம் தாண்டிய வேகம் போதும். ஸ்டீயரிங்கை மெல்லத் திருப்ப வேண்டும். பிரேக் பிடித்தால் டயருக்கு முன்னால் மணல் குவிந்து அணை கட்டும், அதனால் ஆக்ஸிலரேட்டரை விட்டு வண்டியைத் தானாக நிற்க விடுவதே முறை. சக்கரம் ஒருமுறை வெறுமனே சுழன்றால் அந்த நொடியே காலை எடுத்துவிட வேண்டும். இன்னும் மிதித்தால் அச்சு மணலில் உட்காரும். பிறகு டிராக்டரைத் தேடித்தான் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தக் கலையைத் தொழிலாகச் செய்தவர்கள் தனுஷ்கோடி ஓட்டுநர்கள். 1964 டிசம்பர் புயலில் ஊரும் ரயிலும் போன பிறகு, முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் ரோடே கிடையாது. ஜீப்புகளும் வேன்களும் மணலிலும் கழி நீரிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடின. அங்கே மேலே காய்ந்த மணல் தோல் போலத் தெரியும், கீழே சேறு இருக்கும். எந்தத் தடம் தாங்கும், எது விழுங்கும் என்பது அவர்களுக்குக் கண் பழக்கத்தில் இருந்தது. 2017-இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு திறந்தபோது அந்தப் பிழைப்பு நின்றுபோனது. அவர்களின் மணல் அறிவை யாராவது உட்கார வைத்துக் கேட்டு எழுதியிருக்க வேண்டும். இன்றைக்கும் காலம் கடந்துவிடவில்லை.

அதற்காக நம் கடற்கரைகளில் வண்டியை இறக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஜனவரி முதல் மார்ச் வரை சோழமண்டலக் கரையில் பங்குனி ஆமைகள் இரவில் ஏறி வந்து மணலுக்குள் முட்டையிடுகின்றன. மேலே ஒரு டயர் ஏறினால் கூடு அமுங்கும். குஞ்சு பொரித்துக் கடலை நோக்கி ஊரும்போது, ஒரு சாண் ஆழ டயர் தடம் அதற்குத் தாண்ட முடியாத பள்ளம். அனுமதி உள்ள இடத்தில் மட்டும், அலை நனைத்த ஓரத்தில் மட்டும் ஓட்டுவது கேரவன்காரர்களின் கடமை என்றே நினைக்கிறேன். கடற்கரை முழுக்க நமக்கே என்ற எண்ணத்தோடு போவதாக இருந்தால் வீட்டிலேயே இருந்துவிடலாம்.

மணலை விட்டு ரோட்டில் ஏறியதும், நகரும் முன்பே காற்றை முழு அளவுக்கு ஏற்றியாக வேண்டும். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். பக்கத்து பங்க்கில் அடித்துக்கொள்ளலாம் என்று பாதிக் காற்றோடு நெடுஞ்சாலையில் 80-இல் போகிறார்கள். விலா ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து, உள்ளே இருக்கும் நூல் சூடேறி ரப்பரை விட்டுப் பிரிகிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் ரிம்மின் உள்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவி, வால்வு மூடிக்குள் மணல் இல்லை என்று பார்த்து, மறுநாள் காலையில் டயர் ஆறியிருக்கும்போது மறுபடி காற்றை அளக்க வேண்டும்.

அந்தச் சூட்டின் தடயம் பட்டன் தேய்ந்த பிறகுதான் வெளிப்படும். தேய்ந்த டயருக்கு மேல் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங், கோவையில் பழைய தொழில். எல்ஜி ரப்பர் போன்ற நிறுவனங்கள் அதற்கான ரப்பரையும் இயந்திரங்களையும் உலகத்துக்கே அனுப்புகின்றன. ரீட்ரெட் செய்பவர் முதலில் டயரின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார். காற்று குறைவாக வேகமாய் ஓடிய டயராக இருந்தால், விலாவின் உள்சுவரில் சுற்றிலும் ஒரு கறுத்த மடிப்பு வளையம் ஓடியிருக்கும். விரலால் தடவினால் ரப்பர் பொடியாக உதிரும். அங்கே துணி செத்துவிட்டது, மேலே எவ்வளவு நல்ல ரப்பர் ஒட்டினாலும் பயனில்லை என்று ஓரமாக வைத்துவிடுவார். வளையம் இல்லாத டயர் புது பட்டன் ஏறி மறுபடி ரோட்டுக்குப் போகும்.

ஒதுக்கிய டயரும் உடனே சாவதில்லை. மாட்டு வண்டிக்குப் போகும், தண்ணீர் வண்டிக்கும் போகும். டியூப் உள்ள டயராக இருந்தால் டியூப் தோட்டத்துக் கிணற்றுக்கு வரும். அந்தக் கறுத்த லாரி டியூபைக் கட்டிப்பிடித்து நீச்சல் பழகிய தலைமுறை எங்களுடையது. டியூப்லெஸ் ரேடியல் வந்ததிலிருந்து கிணறுகளில் அதைப் பார்ப்பது அபூர்வமாகிவிட்டது. கடைசியில் டயரை அரைத்து எஃகுக் கம்பியைத் தனியாகவும் நூலைத் தனியாகவும் பிரித்து, ரப்பரைத் தூளாக்குகிறார்கள். அந்தத் தூள் தாரோடு கலந்து ரோடு போடப் பயன்படுகிறது. பழைய டயரைத் திரும்ப எடுத்து முறையாக மறுசுழற்சி செய்வது உற்பத்தியாளரின் பொறுப்பு என்று 2022 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. தேய்ந்த டயரைக் கொல்லையில் மழைநீர் தேங்கப் போட்டுவைக்காமல் வாங்கிய கடையிலேயே கொடுத்துவிட்டால், அந்த விதி நடைமுறைக்கு வர நம் பங்குக்கு ஒரு வேலை முடிகிறது.